எந்த மாசம் வரலாம்

அன்புள்ள அம்மாடிக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நானும் உங்கம்மாவும் இருமல் தும்மல் எதுவும் இல்லாம நடமாடிக்கிட்டிருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் நம்ம பேரன் சின்னதுரையும் அதே மாதிரி இருப்பீங்கன்னு நம்பித்தான் பேனாவைக் கையில எடுத்திருக்கேன். தினமும் போன்ல பேசுற மனுஷன் திடீர்னு கடுதாசி போடுறாரேன்னு பயந்துடாதே. போன்ல ஆரம்பிச்சா நான் ரெண்டு வார்த்தை பேசுறதுக்குள்ள உங்கம்மா பிடுங்கிடுவா, பிடுங்கினதும் பிள்ளையைக் காட்டு பிள்ளையைக் காட்டுன்னு உன்னை ஓட விடுவா, நீ போனை அவன் பக்கம் திருப்புறதுக்குள்ள அவன் தூங்கிடுவான், அதோட நம்ம பேச்சும் முடிஞ்சுடும். நான் சொல்லப் போறது கொஞ்சம் நீளமான விஷயம். யாரும் குறுக்கே பேசாம ஒரே மூச்சுல சொல்லணும்னு ஆசைப்பட்டேன், அதான் கடுதாசி.

போன மாசம் நீ ஒண்ணு கேட்டியே ஞாபகம் இருக்கா, அப்பா நீங்கதான் டாக்டரோட ஊரெல்லாம் சுத்துறீங்களே, வருஷத்துல எந்த மாசம் நோய் நொடி கம்மின்னு பார்த்துச் சொல்லுங்க, அந்த மாசம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வர்றேன்னு. அன்னையிலேருந்து எனக்கு வேற நெனப்பே இல்லம்மா. நாள் ஆகுறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு வந்து, வந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்துக்கிடந்த பிள்ளை. இப்போ பயணம் பண்ணலாம், ஆனா நுரையீரல் இன்னும் பலப்படணும், சளி பிடிச்சவங்க பக்கத்துல மட்டும் விட்டுடாதீங்கன்னு அங்க டாக்டருங்க சொன்னாங்கன்னு நீ சொன்னப்போ உன் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு, எனக்குத் தெரியாதா. இங்கேயோ உங்கம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம் சேர்ந்தாப்ல அரை மணி நேரம் உட்கார முடியல, அவளை விமானத்துல ஏத்தி அங்க கூட்டிட்டு வர்றது நடக்காத காரியம். ஆக நீ வந்தாதான் நாங்க பேரனைக் கையில வாங்கலாம், நீ வர்றதுக்கு நான் மாசம் சொல்லணும். எவ்வளவு பெரிய பொறுப்பைத் தூக்கி என் தலையில வச்சிருக்கே பாரு. நானும் லேசுப்பட்ட ஆளா, சரின்னு ஆராய்ச்சியில இறங்கிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் வேலை என்னன்னு இன்னும் சரியா பிடிபடலைன்னு சொன்னியே, இதையும் படிச்சுக் காட்டு. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவங்க போன் பண்ணுவாங்க, அதை எங்க ஆபீஸ்ல ஹலோ அக்கா எடுப்பாங்க (நேர்ல போய் நின்னாலும் ஹலோன்னுதான் ஆரம்பிப்பாங்க, அதனால அந்தப் பேரு), என்ன ஏதுன்னு விசாரிச்சு முகவரியை எங்களுக்குச் சொல்லுவாங்க, நான் டாக்டரம்மாவை ஏத்திக்கிட்டுக் கிளம்புவேன். போன இடத்துல பையைத் தூக்குறது, மூச்சுக்கு மருந்துப் புகை குடுக்குற மிஷினை மாடிக்குச் சுமக்குறது, கட்டில்ல இருக்குறவங்களைப் புரட்டிப் படுக்க வைக்கக் கை கொடுக்குறது எல்லாம் நான்தான். எனக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒரு விளையாட்டு உண்டு. வண்டி தெருவுக்குள்ள திரும்பினதும் நான் ஒரு நோய் பேரைச் சொல்லணும். மாடிக்கு ஏதாவது தூக்கிட்டுப் போனா அந்த ஆட்டம் செல்லாது, நான் வண்டியிலயே இருந்தா மட்டும்தான் கணக்கு. அவங்க பார்த்துட்டு வந்து சீட்ல உட்கார்ந்ததும் கண்ணாடியில என்னைப் பார்த்து ஆமாம்னோ இல்லைன்னோ தலையை ஆட்டுவாங்க, அவ்வளவுதான், யாருக்கு என்ன ஏதுன்னு வாயைத் திறக்கவே மாட்டாங்க. கிண்டிக் கேட்டா ரேடியோவைப் போடுங்கன்னு சொல்லிடுவாங்க. இத்தனை வருஷத்துல நான் பாதிக்கு மேல சரியாத்தான் சொல்லியிருக்கேன், உங்கம்மா அரை டாக்டர்னு கிண்டல் பண்ணுறதுல எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான்.

அது எப்படிச் சொல்ல முடியுதுன்னு கேளு. நோய்க்கும் சீசன் இருக்கும்மா, மழை மாதிரி, வெயில் மாதிரி, அததுக்கு ஒரு வரிசை. வெயில் ஏற ஏற கட்டட வேலை நடக்குற பக்கம்தான் வண்டி ஓடும், தலை சுத்தி விழுந்தவங்க, தண்ணியே குடிக்காம வேலை பார்த்துட்டு நீர் பிரியும்போது எரியுதுன்னு துடிக்கிறவங்க, காலையில செஞ்சதை ராத்திரிக்கும் சாப்பிட்டுட்டு மொத்தக் குடும்பமும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும். மழை இறங்கின முதல் ரெண்டு நாள் பாரு, போனே அடிக்காது, எல்லாரும் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்ப்பாங்க போல, ஹலோ அக்கா நகத்துக்கு பாலிஷ் போட்டுக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் அங்கங்க தண்ணி தேங்கி நின்னுச்சுன்னா காய்ச்சல், வயித்துப்போக்கு, மறுபடியும் காய்ச்சல். குளிர் வந்துட்டா இருமல்தான் ராஜா, வயசானவங்களுக்கு நெஞ்சு கட்டும், குழந்தைங்களுக்கு மூச்சு இளைக்கும். குளிர் போய் மரமெல்லாம் பூத்துக் குலுங்குறப்போ ஆஹா அப்பாடான்னு இருக்கும், அப்பத்தான் பூங்கா ஓரத்து வீடுகள்ல தும்மலும் கண் அரிப்பும் ஆஸ்துமாவும் கிளம்பும். பள்ளிக்கூடம் திறக்குற வாரம் வயித்து வலி கேஸ் வரும், அதுல பாதி நிஜம், பாதி வீட்டுப்பாடம். டாக்டரம்மா ரெண்டையும் ஒரே மரியாதையோட பார்ப்பாங்க, அழுத்திப் பார்த்துட்டு வெளியில வந்து சிரிக்கிறதை நான் மட்டும்தான் பார்ப்பேன்.

இப்படி ஒவ்வொரு மாசமா எடுத்து மனசுக்குள்ள கோடு போட்டு அடிச்சுக்கிட்டே வந்தேன். வெயிலா, வேண்டாம், பிள்ளை சுருண்டுடுவான். மழையா, வேண்டாம், கொசு. பூப்பூக்குற காலமா, அந்தப் பொடி மூக்குல போனா என்னாகும். உங்கம்மா சாப்பாடு எடுத்து வச்சுக்கிட்டே, ஏங்க, அந்த மாசம் வேண்டாம் இந்த மாசம் வேண்டாம்னா பிள்ளை மீசை முளைச்சதும் வரட்டுமான்னு கேட்டா. கேலியாத்தான் கேட்டா, ஆனா கேட்டுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. அவ ஏற்கெனவே அவனுக்குன்னு மெத்து மெத்துன்னு ஒரு துணித் தொப்பி தைச்சு, அது சின்னதாப் போயிருக்கும்னு பிரிச்சு, பெருசா தைச்சு, இப்போ அதையும் பிரிக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்கா.

நான் ஏன் இப்படித் தள்ளிக்கிட்டே போறேன்னு உங்கம்மாகிட்ட சொல்லல, உன்கிட்ட சொல்லிடுறேன். இந்தக் குளிர்ல ஒருநாள் மத்தியானம் ஒரு வீட்டுக்குப் போனோம். சாதாரண சளின்னுதான் போன்ல சொன்னாங்களாம், நானும் தெருவுக்குள்ள திரும்பும்போதே சளின்னு ஜம்பமா சொல்லிட்டு வண்டியில உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல டாக்டரம்மாவே மாடியிலேருந்து ஓடி வர்றாங்க, பின்னாடியே ஒரு பொண்ணு பிள்ளையை அணைச்சுக்கிட்டு. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரமில்ல, ஆஸ்பத்திரி பக்கம்தான், நீங்களே வண்டியை விடுங்கன்னாங்க. சின்னதுரை வயசுதான் இருக்கும் அந்தப் பிள்ளைக்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவுல உள்ள வாங்குது, மூக்கு விரிஞ்சு விரிஞ்சு மூடுது, ஒரு முனகல் சத்தம் வேற. எத்தனையோ பேரை ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன், ஹாரன்ல வச்ச கையை எடுக்காம ஓட்டினது அன்னைக்கு மட்டும்தான். பிள்ளை பொழைச்சு நல்லபடியா வீட்டுக்கு வந்துடுச்சு, கவலைப்படாதே, டாக்டரம்மா போன வாரம்தான் சொன்னாங்க. ஆனா அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போக மாட்டேங்குது. எனக்குப் பயம்மா. வெளிப்படையாவே சொல்றேன், பயம்.

சரி, கதைக்கு வர்றேன். எல்லா மாசத்தையும் கழிச்சுக் கழிச்சுப் பார்த்ததுல ஒரே ஒரு மாசம் மிஞ்சுச்சு. மழை விட்டதுக்கும் குளிர் சரியா இறங்குறதுக்கும் நடுவுல வருமே, அந்த மாசம். எப்படி யோசிச்சுப் பார்த்தாலும் அந்த மாசத்துல வண்டி நிறைய ஓடின ஞாபகமே எனக்கு வரல. காய்ச்சல் கேஸ் ஒண்ணு ரெண்டு, கால் சுளுக்கு ஒண்ணு, அவ்வளவுதான். கண்டுபிடிச்சுட்டேன்டின்னு உங்கம்மாகிட்ட கத்தினேன், அவ இடுப்பு வலியையும் மறந்து எழுந்து வந்துட்டா. எனக்குத் தலை கால் புரியல. ஏன் அந்த மாசம் மட்டும் ஊரு இவ்வளவு ஆரோக்கியமா இருக்குன்னு அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சு வச்சேன், மழை தூசியைக் கழுவிடுது, கொசு குளிருக்குப் பயந்து போயிடுது, குளிர் நோய் இன்னும் வந்து சேரல, எவ்வளவு பொருத்தமா இருக்கு பாரு. மறுநாள் காலையில வண்டியில ஏறினதும் ஏறாததுமா டாக்டரம்மாகிட்ட எடுத்து விட்டேன். அவங்க பொறுமையா முழுசும் கேட்டாங்க. கேட்டுட்டு, அந்த மாசம் நீங்க எங்க இருப்பீங்கன்னு கேட்டாங்க. நான் எங்க இருப்பேன், இங்கதான்னேன். நல்லா யோசிங்கன்னாங்க. யோசிச்சேன். அம்மாடி, வருஷா வருஷம் மழை விட்டதும் ஒழுகுற கூரையைச் சரி பண்ணி, சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்க நான் லீவு போடுறது அந்த மாசம்தான். முக்கால்வாசி மாசம் நான் ஏணி மேல நிக்கிறேன், அப்புறம் ஊருல நோய் எங்கேருந்து என் கண்ணுல படும்.

டாக்டரம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே, மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாங்க. அதோட விட்டாங்களா, ஆபீஸுக்குத் திரும்பினதும் ஹலோ அக்காகிட்ட வேற சொல்லிட்டாங்க. அந்த மாசத்துல நான் தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்க முடியாது அண்ணே, மழைக் காய்ச்சலோட வாலும் குளிர் இருமலோட தலையும் ஒண்ணா வந்து நிக்கும், உங்களுக்குப் பதிலா வர்ற விசில்காரர் ஓடி ஓடி விசிலடிக்கிறதையே நிறுத்திடுவாருன்னு அக்கா சொன்னாங்க. (விசில்காரர்னா நான் லீவுல போறப்போ வண்டி ஓட்டுறவர், ஸ்டியரிங்கைப் பிடிச்சா விசில்தான்.) நான் அசடு வழிஞ்சுக்கிட்டு நின்னேன். நீயும் இப்போ சிரிச்சுக்கிட்டுதான் இருப்பே, சிரி சிரி, நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்.

ஆனா விடுவேனா. சரி, என் மாசம் தப்பு, நீங்களே ஒரு மாசம் சொல்லுங்கன்னு அடுத்த நாளும் பிடிச்சுக்கிட்டேன். அவங்க நேரடியா சொல்லாம, குளிர் இருமல் எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்குதுன்னு நீங்க ஒரு கதை சொல்லுவீங்களே, அதைச் சொல்லுங்கன்னாங்க. எனக்குப் பிடிச்ச சப்ஜெக்ட், சும்மா இருப்பேனா. முதல்ல பள்ளிக்கூடத்தைச் சுத்தி இருக்குற அடுக்குமாடி வீடுகள்ல சின்னப் பசங்களுக்கு வரும், கொஞ்ச நாள்ல அவங்க அப்பா அம்மாவுக்கு வரும், அப்புறம் பழைய மார்க்கெட் தெருவுல தனியா இருக்குற தாத்தா பாட்டிங்களுக்கு வரும், லீவு நாள்ல பேரப்பிள்ளைங்க போய்ப் பார்க்குறாங்க இல்லையா, கையோட கொண்டு போய்க் கொடுத்துட்டு வருதுங்கன்னு விவரமா சொன்னேன். அருமை, அப்போ நோய் மாசத்தோட வருதா மனுஷங்களோட வருதான்னு கேட்டாங்க. ரெண்டும்தான்னேன். சரி, அடுக்குமாடி, மார்க்கெட் தெரு, பூங்கா ஓரம், இத்தனை இடத்துக்கும் தினமும் தவறாம போயிட்டு வர்ற மனுஷன் யாருன்னு கேட்டாங்க. கேட்டுட்டு, இந்த வருஷம் உங்களுக்கு எத்தனை தடவை சளி பிடிச்சுதுன்னாங்க. விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுப் பாதியில நிறுத்திட்டேன். எங்க தெருவுல முதல்ல சளி பிடிக்கிறது எனக்குத்தான்னு நானே பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், சீசனை முதல்ல கண்டுபிடிக்கிறவன்னு.

அப்புறம் அவங்க சிரிக்காம சொன்னாங்க. சில மாசம் மோசம், சில மாசம் பரவாயில்ல, அதுல சந்தேகமில்ல, கடும் குளிர்ல மட்டும் கூட்டிட்டு வர வேண்டாம். ஆனா எந்த மாசம் வந்தாலும் அந்தப் பிள்ளையை முதல்ல தூக்கப் போறது நீங்க, முகத்தோட முகம் வைக்கப் போறது நீங்க, மாசத்தைப் பார்க்குற கண்ணை உங்க மேல கொஞ்சம் திருப்புங்கன்னாங்க. அவங்க தங்கச்சிக்கும் இதே மாதிரி அவசரக் குழந்தையாம். இவங்க வேலையிலேருந்து வந்து ரொம்ப நாள் ஜன்னலுக்கு வெளியில நின்னுதான் பார்த்தாங்களாம், அது இவங்களைப் பார்த்து முதல் தடவை சிரிச்சதும் கண்ணாடி வழியாத்தானாம். ஏம்மா, லீவு போட்டிருக்கலாமேன்னு கேட்டுட்டேன், வாய் சும்மா இருக்குமா எனக்கு. என் இடத்துல உட்கார அப்போ ஆள் இல்ல, உங்க இடத்துக்கு விசில்காரர் இருக்காரேன்னாங்க. அப்புறம் ரேடியோவைப் போடச் சொல்லிட்டாங்க.

அதுக்கப்புறம் ஒரு வாரமா இதே யோசனை. நீ வந்தா ஒரு மாசமாவது இருப்பே, அதுக்கு முன்னாடி ரெண்டு வாரமாவது நான் விலகி இருக்கணும், அவ்வளவு நாள் சேர்ந்தாப்ல லீவு யாரு தருவா. எங்க ஆபீஸ்லயே மருந்துப் பெட்டி ஏத்திட்டுப் போற வேன் ஒண்ணு இருக்கு, குடோன்ல ஏத்தி மருந்துக்கடைங்கள்ல இறக்குறது, நோயாளி முகத்தையே பார்க்க வேண்டாம். அதுக்கு ஆள் தேடிக்கிட்டிருந்தாங்க. ஆனா அதுக்குப் போனா போனதுதான், டாக்டர் வண்டி விசில்காரருக்கு நிரந்தரமாப் போயிடும், நடுவுல மாத்திக்க முடியாதுன்னு மேனேஜர் கண்டிப்பா சொல்லிட்டார். உங்கம்மாகிட்ட சொன்னேன். எப்பவும் அரை டாக்டர் அரை டாக்டர்னு வாரிக்கிட்டிருக்கிறவ, அன்னைக்கு என் பக்கத்துல வந்து உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. உங்களுக்கு அது காலேஜ் மாதிரிங்க, விட்டுட்டு இருப்பீங்களான்னு கேட்டா. எனக்குத் தெரியலைன்னேன். உண்மையாவே தெரியலம்மா. இந்த வருஷம் இருமல் எந்தத் தெருவுலேருந்து கிளம்பும், போன வருஷம் வந்த கண் வலி ஏன் இந்த வருஷம் வரல, இதெல்லாம் இனிமே எனக்கு யாரு தலையாட்டிச் சொல்லப் போறாங்க. மருந்துப் பெட்டியா சொல்லும். ஒண்ணு, எந்த மருந்து எந்த மாசம் நிறைய போகுதுன்னு பார்க்கலாம், அதை வச்சுக் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம், பார்ப்போம், முழுசா பட்டினி கிடக்க மாட்டேன்.

சில சின்ன விஷயங்கள் சொல்லிடுறேன். அங்க உன் டாக்டர்கிட்ட பயணத்துக்கு முன்னாடி பிள்ளைக்கு என்னென்ன தடுப்பூசி போடணும்னு கேட்டுக்கோ, எனக்கும் உங்கம்மாவுக்கும் என்ன போட்டுக்கணும்னும் கேளு, டாக்டரம்மாவும் சொல்லுவாங்க, ரெண்டு பேர் சொல்றதையும் சேர்த்துச் செஞ்சுடலாம். இங்க யார் வந்தாலும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டுத்தான் உள்ள வரணும்னு உங்கம்மா சட்டம் போட்டாச்சு, நேத்து மின்சார ரீடிங் எடுக்க வந்தவரையும் கழுவ வச்சுட்டா, அவர் மீட்டர் வெளியிலதானே இருக்குன்னு முழிச்சுக்கிட்டே கழுவினார். உன் சித்தி வந்தா முத்தம் கொடுத்தே பிள்ளையைக் கரைச்சுடுவா, அவளைக் கால்ல மட்டும் கொடுக்கச் சொல்லலாம், அந்தச் சண்டையை நான் பார்த்துக்கிறேன். மாப்பிள்ளை ராத்திரி ராத்திரி முழிச்சிருக்காருன்னு சொன்னே, அவரையும் கவனி, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. பிள்ளை பிள்ளைன்னு நீ வத்திப்போய் வந்து நின்னா உங்கம்மா என்னைத்தான் திட்டுவா.

நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும், நம்ம சின்னதுரை நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி ஊரைக் கூட்டுற மாதிரி அழணும், அதை நாங்க பக்கத்துல இருந்து கேட்கணும், வேற எதுவும் எனக்கு வேண்டாம். மாசம் கேட்டே இல்லையா. கடும் குளிர் ஒண்ணைத் தவிர்த்துட்டு, உனக்கும் மாப்பிள்ளைக்கும் எது தோதோ அந்த மாசம் டிக்கெட் எடு. தேதி தெரிஞ்சதும் வேனுக்கு மாத்திக்கலாமே, அவசரம் என்னன்னு டாக்டரம்மா சொல்லிப் பார்த்தாங்க. தேதிக்காகக் காத்திருந்தா நான் மறுபடியும் மாசத்தை எண்ண ஆரம்பிச்சுடுவேன்னு எனக்குத் தெரியும். அதனால இன்னைக்குக் காலையில வண்டிச் சாவியை விசில்காரர் கையில கொடுத்துட்டேன், வீட்டுக்கு வந்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
கையைக் கழுவிட்டு, சளி பிடிக்காம காத்துக்கிட்டிருக்குற
உன் அப்பா